குழந்தைகளின் முழங்கை முறிவுக்குக் கை டாப்ளர்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

8 மெகாஹெர்ட்ஸ் பென்சில் புரோப் (தோல்மேல் வைக்கும் முனை) வைத்த கை டாப்ளர், அதாவது நாளத்தில் ஓடும் இரத்தத்தை ஒலியாகக் கேட்க வைக்கும் சிறு கருவி, குழந்தைகளின் முழங்கை முறிவு வந்து சேரும் எந்த மருத்துவமனையிலும் இருக்க வேண்டிய கருவி. அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும், எதற்குச் சொல்லாது என்று தெரியாத கைகளில் இதே கருவி நேரத்தை வீணாக்கும். சில சமயம் குழந்தையின் கையையே காவு கேட்கும். கேஸ் ஷீட்டில் "நாடி இல்லை, டாப்ளரில் சத்தம் கேட்கிறது, காலையில் பார்க்கலாம்" என்று எழுதி வைப்பது அப்படியான ஒரு தவறு. இந்த ஒரே வேலைக்கு இந்தக் கருவி எவ்வளவு உதவும் என்பதை மட்டும் இங்கே பார்க்கிறோம்.

முதலில், தமனிக்கு என்ன நடக்கிறது என்பது தெரிய வேண்டும். சூப்ராகாண்டிலார் முறிவு பெரும்பாலும் 5 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்கு வருவது. கையை ஊன்றி விழும்போது முழங்கை அளவுக்கு மீறி நீண்டு, மேல்கை எலும்பு மூட்டுக்குச் சற்று மேலே உடைகிறது. எலும்பு மருத்துவர் கார்ட்லேண்ட் 1959-ல் வகுத்த முறைப்படி மூன்றாம் வகை என்றால் இரண்டு துண்டுகளும் முழுக்கப் பிரிந்துவிட்டன என்று பொருள். கீழ்த்துண்டு பின்னால் போய்விட, மேல்துண்டின் கூர்முனை முன்னால் வந்து பிராக்கியாலிஸ் தசையைக் குத்தி நிற்கும். கைக்கு இரத்தம் தரும் முக்கியத் தமனியான பிராக்கியல் தமனியும் மீடியன் நரம்பும் அந்தத் தசைக்கு முன்னால்தான் ஓடுகின்றன. கீழ்த்துண்டு பின்வெளிப்புறமாக நகர்ந்திருந்தால் கூர்முனை உட்பக்கம் வந்து இந்த இரண்டையும் இழுக்கும். பின்உட்புறமாக நகர்ந்திருந்தால் ரேடியல் நரம்புக்கு ஆபத்து. எக்ஸ்ரேயில் இந்தத் திசையைப் பார்த்ததுமே எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். முழங்கை மடிப்புக்கு மேலே தோல் உள்ளே குழிந்திருந்தாலோ, அங்கே நீலம் பாரித்திருந்தாலோ, கூர்முனை தசையைத் துளைத்துத் தோலடி வரை வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

தமனி அங்கே இழுபட்டு மடங்கியிருக்கலாம், சுருங்கியிருக்கலாம், உள்சுவர் கிழிந்து இரத்தம் உறைந்திருக்கலாம், முறிவுக்கு நடுவே சிக்கியும் இருக்கலாம். முழுக்க அறுந்துபோவது குறைவு. முழங்கையைச் சுற்றிக் கிளைத்தமனிகள் தாராளமாக இருப்பதால், முக்கியத் தமனி அடைபட்டாலும் கைக்குக் கொஞ்சம் இரத்தம் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் நாடி தெரியாமலே கை சிவந்து, வெதுவெதுப்பாக இருக்கும் குழந்தைகளைப் பார்க்கிறோம். நாடியும் இல்லாமல் கை வெளுத்துச் சில்லிட்டிருந்தால் கிளைத்தமனிகளும் கைவிட்டுவிட்டன என்று பொருள். இந்த இரண்டையும் பிரிப்பதற்கு டாப்ளர் தேவையில்லை. கண்ணும் விரலும் போதும்.

விரல் நுனியை 5 விநாடி அழுத்தி விடுங்கள். 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். அடிபடாத கையிலும் அதையே செய்து ஒப்பிடுங்கள். ஏசி அறையில் குளிர்ந்துபோன குழந்தைக்கு இரண்டு கையிலும் தாமதமாகத்தான் திரும்பும். ஒரு கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மருதாணி, நகப்பாலிஷ் இருந்தால் உள்ளங்கைத் தசைமேட்டில் பாருங்கள். அடுத்தது நரம்பு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் போடச் சொல்லுங்கள். நுனியோடு நுனி வளைத்து வட்டமாக வராமல், விரல்கள் தட்டையாகக் கிள்ளுவதுபோல் சேர்ந்தால், மீடியன் நரம்பின் முன்கிளை வேலை செய்யவில்லை. நாடி இல்லாத கையில் இந்த நரம்புப் பாதிப்பும் சேர்ந்திருந்தால் தமனியும் நரம்பும் ஒன்றாகச் சிக்கியிருக்கக்கூடும். அந்தக் குழந்தைக்கு அறுவை அறையில் திறந்து பார்க்கும் ஏற்பாட்டோடுதான் போக வேண்டும். மயக்க மருந்து கொடுத்த பிறகு இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. முதலிலேயே செய்து, நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகு டாப்ளரை எடுங்கள்.

பிரசவ வார்டிலிருந்து 2 மெகாஹெர்ட்ஸ் டாப்ளரைக் கடன் வாங்கி வந்து குழந்தையின் மணிக்கட்டில் வைத்துவிட்டு "சத்தமே இல்லை" என்று பதறுவது பல இடங்களில் நடக்கிறது. அது வயிற்றுக்குள் ஆழத்தில் இருக்கும் சிசுவின் இதயத்துக்கானது. தோலுக்கு அடியில் சில மில்லிமீட்டரில் ஓடும் மெல்லிய தமனிக்கு 8 மெகாஹெர்ட்ஸ்தான் சரி. 5 மெகாஹெர்ட்ஸ் புரோப் இன்னும் ஆழமான தமனிகளுக்கானது. வாங்கும்போது உங்கள் விரலின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். விரல் தமனியின் சத்தம் தெளிவாகக் கேட்டால் அந்த புரோப் குழந்தையின் மணிக்கட்டுக்குப் போதும்.

ஜெல் தாராளமாக வையுங்கள். புரோப் முனைக்கும் தோலுக்கும் நடுவில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது. ஈசிஜி ஜெல்லை எடுக்க வேண்டாம். அதிலுள்ள உப்பு புரோப் முனையை நாளடைவில் கெடுத்துவிடும். தோலோடு 45 முதல் 60 டிகிரி சாய்வில், முனை முழங்கையைப் பார்க்கும்படி பிடியுங்கள். செங்குத்தாகப் பிடித்தால் ஓட்டம் நன்றாக இருந்தாலும் ஒலி கேட்காது. ஒலிக்கதிருக்கு 90 டிகிரியில் ஓடும் இரத்தத்தில் டாப்ளர் மாற்றம் கிட்டத்தட்ட இல்லை. புதிதாகப் பிடிப்பவர்கள் செய்யும் மற்றொரு தவறு அழுத்துவது. இரத்த அழுத்தம் குறைந்த தமனியை புரோப்பாலேயே அடைத்துவிடலாம். சுண்டுவிரலைக் குழந்தையின் கையில் ஊன்றிக்கொண்டு, புரோப் ஜெல்லின்மேல் மிதக்கும்படி பிடித்து, குறுக்குவாட்டில் ஒவ்வொரு மில்லிமீட்டராக நகர்த்துங்கள். சத்தம் கிடைத்ததும் அந்த இடத்தில் தோல் மார்க்கரால் ஒரு பெருக்கல் குறி. அடுத்த ஷிஃப்டில் வரும் நர்ஸ் முதலிலிருந்து தேடக்கூடாது.

எந்தச் சத்தம் எது என்பதில்தான் கருவியின் உண்மையான பயன் இருக்கிறது. நல்ல தமனியில் ஒரு ஓங்கிய ஒலி, உடனே ஒரு குறுகிய எதிர்ஒலி, சில சமயம் மெல்லிய மூன்றாவது ஒலி என்று வரும். கிளைத்தமனி வழியாக வரும் ஓட்டம் ஒரே இழுப்பாக, மந்தமாக, ஏற்ற இறக்கம் குறைந்து கேட்கும். காற்று வீசுவதுபோல் மூச்சோடு ஏறி இறங்கினால் அது சிரை. உள்ளங்கையை லேசாகப் பிசைந்தால் சத்தம் கூடும். அவசரத்தில் சிரையைத் தமனி என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும். மானிட்டரில் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டால் இந்தக் குழப்பம் வராது.

அடுத்து ஒரு நிமிடச் சோதனை ஒன்று. பலர் இதைச் செய்வதில்லை. ரேடியல் தமனியில் (கட்டைவிரல் பக்கம் ஓடுவது) சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அதே மணிக்கட்டில் அல்னார் தமனியை (சுண்டுவிரல் பக்கம் ஓடுவது) விரலால் அழுத்துங்கள். சத்தம் நின்றுபோனால், நீங்கள் இதுவரை கேட்டது அல்னார் வழியாக வந்து உள்ளங்கை வளைவைச் சுற்றி ரேடியலில் பின்னோக்கி ஓடிய இரத்தம். ஓட்டத்தின் திசையைக் காட்டும் மாடல் இருந்தால் திரையிலேயே தலைகீழாகத் தெரியும். அல்னாரை விட்டுவிட்டு, ரேடியலை புரோப்புக்கு மேலே, முழங்கைப் பக்கமாக அழுத்தியும் பாருங்கள். அல்னாரை அழுத்தியபோது நிற்காமல் இப்போது நின்றால் அது நேர் ஓட்டம். கையில் நடப்பதைப் புரிந்துகொள்ள இந்தச் சோதனை மிகவும் உதவும். ஆனால் நேர் ஓட்டம் இருக்கிறது என்பதற்காக முழங்கையில் தமனி நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. முழங்கையைச் சுற்றிவரும் கிளைகள் முறிவைத் தாண்டியும் ரேடியலில் கலக்கலாம்.

கருவி ஏமாற்றும் இடங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெளுத்த கையில் மெல்லிய சத்தம் கேட்டால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. மிகக் குறைந்த அழுத்தத்தில் ஊர்ந்து ஓடும் இரத்தத்தையும் 8 மெகாஹெர்ட்ஸ் புரோப் பிடித்துவிடும். தசை உயிரோடு இருக்க அந்த ஓட்டம் போதாது. கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமில் ஆபத்து இன்னும் அதிகம். முன்கைத் தசைக்கூட்டின் அழுத்தம் தசைக்குள் ஓடும் நுண்ணிய நாளங்களை நசுக்கத் தொடங்கும்போது பெரிய தமனி இன்னும் திறந்தே இருக்கும். அதனால் சத்தம் அழகாகக் கேட்கும், நாடிகூடத் தெரியலாம். அங்கே பேச வேண்டியது குழந்தை. அடங்காத பதற்றம், அழுகை, கூடிக்கொண்டே போகும் வலி மருந்துத் தேவை, விரலை மெல்ல நீட்டினாலே கதறுவது: இவைதான் அடையாளம். 1881-ல் ஜெர்மன் மருத்துவர் ஃபோக்மான் விவரித்த, விரல்கள் மடங்கி இறுகிப்போகும் கை இந்த வழியில்தான் வருகிறது. மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிய கையோடு வரும் குழந்தைக்கு முதலில் கட்டை முழுவதும் அவிழ்த்துவிட்டு, அதன்பிறகே எந்தச் சோதனையும்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டரோடு ஒப்பிட்டால்? எண்ணை நம்பாதீர்கள், அலையைப் பாருங்கள். ஓட்டம் மிகக் குறைந்த விரலிலும் 98 என்று காட்டக்கூடும், ஏனென்றால் அது இரத்தத்தின் ஆக்சிஜன் நிறைவைச் சொல்கிறதே தவிர எவ்வளவு இரத்தம் வருகிறது என்று சொல்வதில்லை. இரண்டு கைகளிலும் மாட்டி அலையின் உயரத்தை ஒப்பிட்டால் ஓரளவு பயன். இரவு முழுக்க மாட்டி வைக்க வசதியானது, அலை தட்டையானால் அலாரம் அடிக்கும். டாப்ளரால் முடியாத வேலை அது. எனவே இரண்டும் வேண்டும். அறுவைக்கு முன் சிடி ஆஞ்சியோ (தமனிகளைக் காட்டும் ஸ்கேன்) என்ற யோசனையை மட்டும் ஏற்க மாட்டோம். அடி எங்கே என்பது எக்ஸ்ரேயிலேயே தெரிகிறது. ஸ்கேனுக்கு எடுத்துப்போய் வரும் நேரம் தசையின் நேரத்திலிருந்து கழிகிறது. ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குமேல் இரத்தமில்லாத தசை மீள்வது கடினம். ஒரே கையில் பல இடத்தில் அடி இருந்தால் மட்டுமே அதைப் பற்றி யோசிக்கலாம்.

எலும்பைச் சரிசெய்வதுதான் முதல் வாஸ்குலர் (இரத்தக்குழாய்) சிகிச்சை. மடங்கிய தமனி எலும்பு நேரானதும் பெரும்பாலும் தானே திறந்துகொள்ளும். அறுவை அறைக்குப் போகும்வரை முழங்கையை 20 முதல் 40 டிகிரி மட்டும் மடக்கி, தளர்வான ஸ்பிளிண்டில் வையுங்கள். வெளுத்த கையென்றால் அவசரப் பிரிவிலேயே வலி மருந்து கொடுத்து, மெல்ல நீட்டி இழுத்து நேராக்கி, நிறம் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டே ஸ்பிளிண்ட் போட வேண்டும். வீங்கிய முழங்கையை 90 டிகிரிக்கு மேல் மடக்குவது தமனியை நாமே அடைப்பதற்குச் சமம். வலி குறைக்க நரம்பை மரக்கச் செய்யும் ஊசியும் வேண்டாம். கம்பார்ட்மென்ட் வலியை அது மறைத்துவிடும்.

அறுவை அறையில் சி-ஆர்ம் (அறுவையின்போதே எக்ஸ்ரே காட்டும் கருவி) வைத்து, லேசாக மடக்கிய நிலையில் இழுத்து, எலும்பு தசைக்குள் மாட்டியிருந்தால் மேலிருந்து கீழாகத் தசையைக் கையால் உருவி விடுவித்து, பக்கவாட்டு விலகலைத் திருத்தி, பிறகே கட்டைவிரலால் பின்னாலிருந்து தள்ளி மடக்க வேண்டும். முரட்டு இழுப்பு வேண்டாம். முறிவுக்குள் தமனி சிக்கியிருந்தால் அது அப்போதுதான் கிழியும். துண்டுகள் சேரும்போது ரப்பர்போல் ஒரு தடையும், நடுவில் மூடாத இடைவெளியும் தெரிந்தால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது. எலும்புத் துண்டுகளைப் பிடித்து நிறுத்தும் கம்பியான கே-வயர் 1.6 அல்லது 2 மி.மீ.; முடிந்தவரை 2 மி.மீ. என்பது பிரிட்டிஷ் ஆர்த்தோபீடிக் அசோசியேஷனின் பரிந்துரை. வெளிப்பக்கத்திலிருந்து இரண்டு அல்லது மூன்று வயர்கள், முறிவுக் கோட்டில் ஒன்றுக்கொன்று நன்றாக விலகி நிற்க வேண்டும். உட்பக்க வயர் தேவைப்பட்டால் முழங்கையை நீட்டிவைத்துச் சிறு கீறல் போட்டு, அல்னார் நரம்பை ஒதுக்கியே போட வேண்டும்.

வயர் போட்டதும் டாப்ளர் மேசைக்கு வரட்டும். புரோப் முனையில் ஜெல் வைத்து ஸ்டெரைல் உறைக்குள் நுழைத்து, வெளியே ஸ்டெரைல் ஜெல். முழங்கையை 45 முதல் 60 டிகிரிக்கு நீட்டிவிட்டு, குழந்தையைப் போர்த்திச் சூடாக்கி, மயக்க மருத்துவரிடம் இரத்த அழுத்தத்தைச் சரியாக்கச் சொல்லி, 10 முதல் 15 நிமிடம் பொறுத்துப் பாருங்கள். குளிர்ந்த, அழுத்தம் குறைந்த குழந்தையின் நாடியை வைத்து முடிவெடுக்கக் கூடாது. நாடி திரும்பிவிட்டால் நல்லது. கை வெளுத்தே இருந்தால் திறக்க வேண்டும். அமெரிக்கன் அகாடமி ஆஃப் ஆர்த்தோபீடிக் சர்ஜன்ஸ் 2011-ல் தந்த வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. முன்பு இருந்த நாடி எலும்பைச் சேர்த்த பிறகு காணாமல் போனால் தமனி முறிவுக்குள் மாட்டிக்கொண்டது என்றே வைத்துக்கொண்டு, வயரை எடுத்து, சேர்த்த முறிவைத் தளர்த்திவிட்டுத் திறந்து பாருங்கள். நாடி இல்லை, கை சிவந்திருக்கிறது என்ற நிலையில்தான் உலகம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. அந்த அமெரிக்க வழிகாட்டுதல் எந்தப் பக்கமும் சாயவில்லை. பிரிட்டிஷ் நடைமுறை, இரத்த ஓட்டம் நன்றாக இருந்தால் கவனித்துக்கொண்டு பொறுக்கலாம் என்கிறது. எங்கள் தீர்ப்பு: நிறமும் சூடும் நன்றாக, நரம்புப் பாதிப்பு இல்லாமல், டாப்ளர் ஒலி அடிபடாத கைக்கு நெருக்கமாக இருந்தால் பொறுக்கலாம். மீடியன் நரம்புப் பாதிப்பும் சேர்ந்திருந்தால் பொறுக்கக் கூடாது.

திறக்கும்போது முழங்கை மடிப்பில் குறுக்கே கீறி, தேவையென்றால் உட்பக்கம் மேலே நீட்டுவார்கள். தமனியைக் காயத்தில் தேடாமல் மேலே நல்ல இடத்தில் பிடித்துக் கீழே தொடர்வதே பாதுகாப்பு. பெரும்பாலும் ஒரு நார்ப்பட்டையோ கூர்முனையில் மாட்டிய உறையோ தமனியைப் பிடித்து இழுத்திருக்கும். வெட்டி விடுவித்தால் ஓட்டம் வரும். வராவிட்டால் வெதுவெதுப்பான சலைன், மேலே தமனியைத் தளர்த்தும் பாப்பவரின் அல்லது லிக்னோகெய்ன் விட்டு 10 முதல் 15 நிமிடம் பார்க்கலாம். இங்கே டாப்ளர் முனையை உறையோடு தமனிமேலேயே, சலைனை ஜெல்லாகக் கொண்டு வைத்து, காயத்துக்கு மேலும் கீழும் கேட்டால் ஒலி எங்கே சாகிறது என்று துல்லியமாகத் தெரியும். கருவியின் உச்சப் பயன் இதுதான் என்போம். "ஸ்பாசம்" (வெறும் சுருக்கம்) என்று பெயர் சூட்டி மூடிவிடும் பல தமனிகளில் உள்சுவர் கிழிந்து இரத்தக் கட்டி இருக்கும். ஒலி ஒரே புள்ளியில் நின்றால் தமனியைத் திறந்தே ஆக வேண்டும்: 2 ஃபிரெஞ்ச் ஃபோகார்ட்டி கதீட்டர் (இரத்தக் கட்டியை இழுத்தெடுக்கும் பலூன் குழாய்), ஹெப்பாரின் சலைன், கெட்ட பகுதியை வெட்டிவிட்டு, இழுவை இருந்தால் தலைகீழாகத் திருப்பிய சிரை ஒட்டு. குழந்தை வளரும் என்பதால் தையல் 7-0 அல்லது 8-0 பாலிப்ரொப்பிலீனில் தனித்தனியாக. இரத்தமில்லாமல் 6 மணி நேரம் தாண்டியிருந்தால் முன்கை ஃபேஷியாட்டமியும் (அழுத்தம் குறையத் தசை உறையைக் கீறித் திறப்பது) அதே மேசையில்.

வார்டில் முதல் 24 முதல் 48 மணி நேரம் மணிக்கொரு முறை: நிறம், சூடு, கேபிலரி ரீஃபில் (அழுத்திவிட்டபின் நிறம் திரும்பும் நேரம்), விரல் அசைவு, விரல் நீட்டும்போது வலி, பிறகு டாப்ளர். இந்த வரிசை மாறக் கூடாது; டாப்ளரை முதலில் வைத்தால் சத்தம் கேட்டதும் மற்றதை விட்டுவிடுவார்கள். "சத்தம் உண்டு" என்று எழுதுவதும் போதாது. ரேடியல், அல்னார் இரண்டிலும் ஒலியின் தன்மை, அல்னாரை அழுத்தியபோது என்ன ஆனது, அடிபடாத கையோடு ஒப்பீடு என்று எழுதினால்தான் இரவு 2 மணிக்கு வரும் டாக்டருக்கு மாற்றம் புரியும். வேறு மருத்துவமனைக்கு அனுப்பும் கடிதத்திலும் இதே விவரங்களும், விழுந்த நேரமும் இருக்க வேண்டும்.

வாங்குவதில் கடைசியாகச் சில. திரை இல்லாத, ஒலி மட்டும் தரும் மாடலே பெரும்பாலான இடங்களுக்குப் போதும். கூடுதல் பணம் இருந்தால் ஓட்டத்தின் திசை காட்டும் மாடலுக்குப் போங்கள், வண்ணத் திரைக்குப் போகாதீர்கள். ஹெட்ஃபோன் துளை இருக்கட்டும். அழும் குழந்தைகள் இருக்கும் வார்டில் ஸ்பீக்கர் எடுபடாது. புரோப் கேபிள் தனியாகக் கழற்றி மாற்றும்படி இருக்கிறதா என்று கேளுங்கள், முதலில் போவது அதுதான். புரோப்பை ஆட்டோகிளேவில் போட்டால் அதோடு முடிந்தது. ஜெல் காயும் முன் ஈரத்துணியால் துடைத்து, தயாரிப்பாளர் சொன்ன கிருமிநாசினியால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். மாற்று பேட்டரி பெட்டியிலேயே இருக்கட்டும். பெட்டி பூட்டிய அலமாரியில் இருக்கக் கூடாது, அவசரப் பிரிவு டிராலியில் இருக்க வேண்டும்.